முயலுக்கு என்று சொல்லியிருக்கலாம்

செய்தி வந்தபோது பகல் இரண்டே கால் மணி. மங்கரேயில் விமான நிலையத்தை ஒட்டிய சமையல்கூடத்தில், சிங்கப்பூர் போகும் விமானத்துக்கான தட்டுகளில் இராசமலர் வெண்ணெய்க் கட்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் வலை, கையில் நீலக் கையுறை, மேலங்கிக்கு உள்ளே இரண்டு சுவெட்டர். அந்தக் குளிரறைக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக் கூடாது. மேற்பார்வையாளர் லோசா சமோவாக்காரி, நல்ல உயரம், எப்போதும் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு பாட்டோடு வருகிறவள். அன்று கதவைத் திறந்து பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"மலர், டார்லிங், அதை வச்சிட்டு வெளிய வா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

புருஷனின் கடைக்குப் பக்கத்து மீன் பொரியல் கடைக்காரன்தான் அழைத்திருந்தான். உன் புருஷன் கவுன்டருக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறார், கூப்பிட்டால் அசைவில்லை, கவுன்டரைச் சுற்றிய கம்பிக் கூண்டு உள்ளே பூட்டியிருக்கிறது, தீயணைப்புக்காரர்கள் கம்பியை அறுக்கிறார்கள், உன்னிடம் சாவி இருக்கிறதா? இதையே மாற்றி மாற்றிச் சொன்னான். இராசமலரிடம் சாவி இல்லை. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவிதான். அது புருஷன் கதிர்காமநாதனின் இடுப்பில், அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தது.

லோசாதான் காரை ஓட்டினாள். அந்த நேரத்தில் மங்கரேயிலிருந்து கடை இருக்கும் மாசிக்கு அரை மணிக்கு மேல் பிடிக்கும். சுரங்கப்பாதை வரை லோசா வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள். சுரங்கத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டாள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க இராசமலருக்குப் பயமாக இருந்தது.

கடைக்குள் போனபோது கூண்டில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டியிருந்தார்கள். கம்பி முனைகள் புதுசாகப் பளபளத்தன. தரையில் குந்தியிருந்த ஆம்புலன்ஸ் பெண் இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் எழுந்த விதத்திலேயே இராசமலருக்கு விளங்கிவிட்டது.

"இதயம்" என்றாள் அந்தப் பெண்.

"கொஞ்சம் முந்தி உள்ளே போக முடிந்திருந்தால்?"

"சொல்ல முடியாது." அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உண்மையிலேயே சொல்ல முடியாது."

பால், பாண், பத்திரிகை, சிகரெட், பிள்ளைகளுக்கு இனிப்பு என்று விற்கும் மூலைக்கடைக்கு நியூசிலாந்தில் டெய்ரி என்று பெயர். கதிர்காமநாதன் பதினோரு வருடம் டெய்ரி நடத்தினார். அதற்கு முன் மங்கரேயில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கினார். அதற்கும் முன் கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேஜர். ஆள் மெலிவு, குரல் மட்டும் பெரிது. பால் வாங்க வரும் கிழவர்களிடம் கிரிக்கெட்டைப் பற்றி வாக்குவாதம் பண்ணுவார். நியூசிலாந்து தோற்றால் அவர்களுக்கு ஆறுதலாக ஒரு சொக்கலேட் கொடுப்பார். இலங்கை தோற்றால் அன்று முழுக்க யாரோடும் கிரிக்கெட் பேச மாட்டார்.

ஊரில் இருந்த யுத்த காலத்தில் அவர் துப்பாக்கி வைத்திருந்தவர்களுக்கு முன்னால் நின்றவரே தவிர, அதைத் தொட்டவர் இல்லை. எந்தத் தரப்புக்காரன் சங்கக்கடைக்குள் வந்தாலும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கப் பழகியிருந்தார். இங்கே வந்த பிறகு, பொலிஸ்காரர் ஒருவர் இடுப்பில் ஒன்றும் இல்லாமல் கடைக்குள் வந்து இறைச்சி அடைத்த 'பை' பலகாரம் வாங்கித் தின்றுவிட்டுப் போனதை ஒரு வாரம் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "வெறுங்கையோட வாறான் மலர்! பொலிஸ்! வெறுங்கையோட!"

இரண்டு வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் ஒரு நாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டுக் கூட்டம் கலைந்த நேரம், தலையை மூடிய மூன்று பேர் சுத்தியலோடு உள்ளே வந்தார்கள். சிகரெட் அலுமாரியை உடைத்தார்கள். காசுப் பெட்டியைப் பிடுங்கினார்கள். ஒருவன் போகிற போக்கில் அவருடைய மணிக்கட்டில் சுத்தியலால் அடித்தான். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

மணிக்கட்டு ஆறிவிட்டது. அவரால் ஆற்ற முடியாமல் போனது வேறு. அதை அவர் இராசமலரிடம் ஒரே ஒரு தரம்தான் சொன்னார், ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், காருக்குள்.

"அவங்கள் கையைத் தூக்கச் சொல்லவேயில்லை மலர். நானாத் தூக்கிப்போட்டன். முழங்காலிலயும் இருந்திட்டன். ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிச்சவன்."

இருபத்தைந்து வருடமாக மறந்திருந்த உடம்பு தானாகவே மண்டியிட்டிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் துப்பாக்கி ஆசை வந்தது. யாழ்ப்பாணத்தார் வழக்கப்படி அவர் அதைத் துவக்கு என்றார். "ஒரு துவக்கு இருந்தா, கவுன்டருக்குக் கீழ சும்மா கிடந்தாலே போதும். சுடத் தேவையில்லை. கிடக்குது எண்ட நினைப்பில நிமிந்து நிப்பன்."

அந்த ஆசைக்கு வழி காட்டியவன் அரவிந்த். மதுரைப் பக்கத்துப் பையன். பையன் என்றாலும் நாற்பதை நெருங்குகிறான். கணினி வேலை. டெய்ரிக்கு எதிர்த் தெருவில் வீடு. ஆபீஸ் வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து வடக்கே பண்ணைகளுக்கு முயல் சுடப் போகிறவன். சைவக் குடும்பத்துப் பிள்ளை. சுட்ட முயலைச் சாப்பிட மாட்டான்.

"பின்ன என்னத்துக்கு ஐசே சுடுறீர்?" என்று கதிர்காமநாதன் கேட்பார்.

"அண்ணா, உங்க ஊர்ல கிரிக்கெட் பந்தைத் திங்கவா அடிக்கிறீங்க?"

அவன்தான் நடைமுறையை விளக்கினான். லைசென்ஸ் வேண்டும். ஒரு நாள் வகுப்பு, ஒரு பரீட்சை, துப்பாக்கியைப் பூட்டி வைக்க வீட்டில் சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டி. பிறகு பொலிஸிலிருந்து அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பேசுவார். முதலில் அவரோடு, பிறகு மனைவியோடு, தனித்தனியாக.

"ஆனா ஒண்ணு அண்ணா. கடைக்காக, பாதுகாப்புக்காகன்னு மட்டும் வாயத் திறந்துடாதீங்க. இந்த நாட்டுல அதுக்குக் குடுக்க மாட்டாங்க. முயலுன்னு சொல்லுங்க. அக்காவும் முயலுன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"உயிரைக் காப்பாத்தக் கேட்டா இல்லை, முயலைக் கொல்லக் கேட்டா ஓமோ?" என்றார் கதிர்காமநாதன். "நல்ல நாடு!"

"சட்டம் அப்படிண்ணா. அதுவும் கடைக்குக் கொண்டு போக முடியாது, பெட்டிக்குள்ளதான் இருக்கணும். திருடன் வந்தா, 'கொஞ்சம் இருப்பா, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வர்றேன்'னு சொல்லணும்."

அவர் சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகியிருந்ததால் இராசமலரும் கூடச் சிரித்தாள்.

வகுப்புக்குப் போனார். பரீட்சையில் ஒரு பிழையும் விடவில்லை. இரண்டு தரம் அரவிந்தோடு பண்ணைக்கும் போய்வந்தார். சப்பாத்து நிறையச் சேறு. முயல் ஒன்றும் விழவில்லை. பார்க்கிறவர்களுக்கு, ஆள் தேறி வருகிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

இராசமலர் வேறு சிலவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடை மூடி வீட்டுக்கு வந்தால் அவர் காரை விட்டு உடனே இறங்க மாட்டார். விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருப்பார். அவள் குசினி ஜன்னலால் பார்ப்பாள், சோறு ஆறிப்போகும். ஒரு சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, மின்சாரக் கட்டணம் கட்டுவது எப்படி, மோட்கேஜ் எந்தத் தேதியில் போகும், வங்கிக்கு என்ன கடவுச்சொல் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளைத் தொடவிடாத வேலைகள் அவை.

"இதெல்லாம் இப்ப எனக்கு என்னத்துக்கு?" என்றாள்.

"தெரிஞ்சிருக்க வேணும்" என்றார். வேறு விளக்கம் இல்லை.

குளிர்காலத்துக்கு வாங்கிய நல்ல ஜாக்கெட்டை அரவிந்திடம் கொடுத்தார், தனக்குப் பெரிதாக இருக்கிறதாம். அடுத்த வாரம் அவள் வேலையால் வந்து உடுப்பு அலுமாரியைத் திறந்தால், அவர் பக்கம் கிட்டத்தட்டக் காலி. நாலு சட்டையும் ஒரு வேட்டியும் தொங்கின. மிச்சமெல்லாம் ஒழுங்காக மடித்து, தர்மத்துக்குக் கொடுக்கும் பைகளுக்குள், முடிச்சுப் போட்டு. அவள் முடிச்சுகளை அவிழ்த்து எல்லாவற்றையும் தன் பக்கத்தில் தன் சேலைகளுக்குள் ஒளித்து வைத்தாள். அவர் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தக் காலிப் பக்கத்தில்தான் இரும்புப் பெட்டியை முடுக்கினார். நட்டை இறுக்கும்போது கூட ஆளுக்கு முகத்தில் ஒரு அமைதி. அந்த அமைதியைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது.

யாரிடம் சொல்வது? பிரிஸ்பேனில் இருக்கிற மகள் கிருசாந்தியிடம் தொடங்கினாள். "அப்பா ஒரு மாதிரி இருக்கிறார் பிள்ளை." "ஹீ'ஸ் ஜஸ்ட் ஸ்ட்ரெஸ்ட், அம்மா. டெல் ஹிம் டு சீ எ டொக்டர்" என்றாள் மகள். சாகிற எண்ணமா என்று அவரிடமே கேட்கவும் இரண்டு தரம் வாயெடுத்தாள். அந்தச் சொல்லை அவர் காதில் போட்டால், இல்லாத நினைப்பையும் தானே ஊட்டிவிட்டதாகிவிடுமோ என்று விழுங்கிக்கொண்டாள்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். மழையில் நனைந்த கோட்டை வாசலிலேயே கழற்றி, சப்பாத்தையும் கழற்றிவிட்டு வந்தாள். வரவேற்பறையில் கதிர்காமநாதனோடு முக்கால் மணி நேரம் பேசினாள். பிறகு குசினிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இராசமலர் தேத்தண்ணீர் ஊற்றினாள். முதலில் சும்மா கேள்விகள். எத்தனை வருடமாயிற்று, பிள்ளைகள் எங்கே, குடிப்பாரா, கை நீட்டுவாரா.

"இந்த வீட்டில் ஒரு துப்பாக்கி இருந்தால் உங்களுக்குப் பயமாக இருக்குமா?"

"எனக்கு இல்லை" என்றாள் இராசமலர்.

அந்தப் பெண் பேனாவை நிறுத்தினாள். "வேறு யாருக்கு?"

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வது கேட்டது. உண்மையைச் சொன்னால், அது எழுத்தில் போகும். கடிதமாக அவர் கைக்கே வரும். தன் பெண்சாதி தன்னைப் பற்றி வெள்ளைக்காரியிடம் என்ன சொன்னாள் என்று அவர் படிப்பார். சங்கக்கடை மனேஜர், நாலு பேர் மதிக்க நடந்த மனுஷன். அதைப் படித்த பிறகு, சாவதற்கு அவருக்குத் துப்பாக்கி எதற்கு?

அப்போதுதான் அரவிந்த் சொன்னது நினைவுக்கு வந்தது. எதைச் சொல்லக் கூடாது என்று அவன் படித்துப் படித்துச் சொன்னானோ, அதைச் சொன்னால் போதும்.

"முயல் சுட இல்லை, மேடம்" என்றாள். "கடைக்குத்தான். கவுன்டருக்குக் கீழே வைக்கப் போகிறார். கள்ளர் வந்தால் சுடுவதற்கு."

அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஆறு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. அவர் மேசையில் வைத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ என்ன சொன்னனி?"

"உள்ளதைச் சொன்னன்."

"முயலெண்டு சொல்லியிருக்கலாமே. ஒரு சொல்லு. ஒரேயொரு சொல்லு."

அவள் மேசையில் இருந்த கோப்பையை எடுத்தாள்.

"கள்ளருக்குப் பாவம் பாத்தனியோ? இல்லைக் கேக்கிறன். அவங்கட உயிர் பெரிசு, எனக்கு ஒண்டு நடந்தாப் பரவாயில்லை. அப்பிடித்தானே?"

"அப்பிடியில்லையப்பா."

"பின்ன எப்பிடி?"

அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

கூண்டு அதற்குப் பிறகு வந்தது. தரையிலிருந்து கூரை வரை கம்பி. காசையும் சாமானையும் மாற்றிக்கொள்ள ஒரு சின்ன வாய். உள்ளே போனதும் பூட்டிக்கொள்வார். மாற்றுச் சாவி ஒன்று செய்து தாருங்கள் என்று அவள் கேட்டாள்.

"உன்னட்டத் தந்தா நீ கொண்டுபோய்ப் பொலிசிட்டக் குடுப்பாய்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "உன்னைப் பிடிச்சு ஆரும் வெருட்டினாக் குடுத்திடுவாய். ஒரு சாவிதான். இஞ்ச கிடக்கட்டும்" என்று இடுப்பைத் தட்டினார்.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் பொலிஸ் அம்மா. "பொலிஸ் அம்மா, சோறு போடலாமோ?" "பொலிஸ் அம்மா, உப்புக் கூடிப்போச்சு, கேஸ் எழுதுங்கோ." ஆரம்பத்தில் அதில் கத்தி இருந்தது. போகப் போகத் தேய்ந்தது. இரும்புப் பெட்டிக்குள் தன் விஸ்கிப் போத்தலை வைத்துப் பூட்டினார். அரவிந்த் வந்தபோது திறந்து காட்டி, "உதுக்கும் லைசென்ஸ் வேணுமோ தம்பி?" என்று கேட்டார். காருக்குள் இருட்டில் இருப்பது குறைந்தது. கோடை வந்ததும் ஒரு நாள், "என்ர நீலக் கோடு போட்ட சட்டை எங்க?" என்று கேட்டார். தானே கட்டி வைத்த பைக்குள் போன சட்டை. அவள் தன் சேலைகளுக்கு இடையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் போட்டுக்கொண்டார். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் தேறட்டும், பயமில்லாமல் இரண்டு பேரும் சிரிக்கிற ஒரு நாளில் சொல்லுவோம் என்று வைத்தாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டே கால் மணிக்கு அந்த நாள் இல்லாமல் போயிற்று.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, ஐயர் போன பிறகு, வீட்டில் நெருங்கிய ஆட்கள்தான் மிஞ்சினார்கள். கிருசாந்தி மறுநாள் காலை விமானம். அரவிந்த், வந்தவர்கள் உட்கார்ந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கதிர்காமநாதனின் தமக்கை மகன் யசீகரன், பக்குரங்காவில் இரண்டு டெய்ரி வைத்திருக்கிறவன், ஒரு காகிதக் கட்டோடு வந்து இராசமலருக்கு முன்னால் தரையில் இருந்தான். அவன் தலையிலும் ஒரு தழும்பு உண்டு. போத்தலால் அடித்தது.

"மாமி, கடைக்காரர் எல்லாரும் சேந்து பாராளுமன்றத்துக்கு ஒரு மனுக் குடுக்கிறம். கடையில இருக்கிறவனுக்கு தன்ர உயிரைக் காக்கத் துவக்கு வைச்சிருக்க உரிமை வேணும். அதுக்கு முன்பக்கத்தில மாமாவின்ர படம் போடப்போறம். நீங்கள் ஓம் எண்டு ஒரு கையெழுத்து வைச்சாப் போதும்."

"அண்ணன் ஹார்ட் அட்டாக்லதானே போனார்?" என்றான் அரவிந்த், கதிரையைக் கையில் பிடித்தபடி.

"கூண்டுக்குள்ள போனவர் தம்பி. கூண்டுக்குள்ள! மிருகம் மாதிரி. வெளியால சனம் நிண்டு பாக்குது, ஒருத்தராலயும் கை வைக்க ஏலாது. ஏன் கூண்டுக்குள்ள போனவர்? துவக்குக் கேட்டவர், அரசாங்கம் இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. ஒரு துவக்கு இருந்திருந்தா அவர் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிமிந்து இருந்திருப்பார்."

"நான் வச்சிருக்கேங்க. எனக்கு நிமிர்ந்தா இருக்கு? பூட்டினேனா இல்லையான்னு ராத்திரி எழுந்து எழுந்து பாக்குறேன்."

"உமக்கு முயல் தம்பி. எங்களுக்குச் சுத்தியல்."

யசீகரன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று இராசமலருக்கும் தெரிந்தது. அவன் தாய்மாமனை நேசித்தவன். தன் தழும்போடு தினமும் கடையைத் திறக்கிறவன். அவன் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

"ஜஸ்ட் சைன் இட், அம்மா" என்றாள் கிருசாந்தி, சுவரோடு சாய்ந்து. "அப்பா வுட் ஹாவ் வான்டட் இட்." அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "தே ஸெட் நோ டு ஹிம் ஃபோர் நோ ரீஸன்."

பேனா அவள் கையில் இருந்தது. கையெழுத்து வைத்தால் எல்லாம் முடிந்துவிடும். மகள் நாளைக்குக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவாள். யசீகரன் சனி ஞாயிறுகளில் மரக்கறி கொண்டுவந்து தருவான். ஆனால் அவர் படம். எந்தக் கைக்கு எது போய்ச் சேரக் கூடாது என்று அவள் அந்தக் குசினியில் நின்று மறித்தாளோ, அதையே கேட்கிற காகிதத்தில், அவர் முகம் முன்பக்கத்தில் இருக்கும்.

பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"அரசாங்கம் இல்லை யசீ. நான்தான்."

"என்ன மாமி?"

"அவருக்குக் குடுக்க வேண்டாமெண்டு செய்தது நான். விசாரிக்க வந்த மனுசியிட்ட, முயலுக்கில்லை, கடைக்குத்தான் எண்டு சொன்னனான். அதாலதான் இல்லையெண்டவை."

அரவிந்த் கதிரையை மெதுவாகக் கீழே வைத்தான். யசீகரன் சிரிக்கப் பார்த்தான், ஏதோ பகிடி என்று நினைத்தவன் போல. பிறகு அவன் முகம் மாறியது.

"ஏன் மாமி?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அவர் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருட்டில் இருந்தது, கடவுச்சொல் காட்டித் தந்தது, காலியாகக் கிடந்த அலுமாரிப் பக்கம். இதைச் சொன்னால் இந்த நிமிடமே யசீகரன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். மகள் ஓடிவந்து மடியில் விழுவாள். நாளைக்குப் பக்குரங்காவிலும் மாசியிலும் எல்லோருக்கும் தெரியும். கிரிக்கெட்டுக்காகச் சத்தம் போட்ட மனுஷனை, இனி ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நினைப்பார்கள்.

"எனக்குப் பயம்" என்றாள்.

"எதுக்குப் பயம்?"

"துவக்குக்கு."

"ஓ மை கோட், அம்மா." கிருசாந்தியின் குரல் மிகவும் சின்னதாக வந்தது. "ஹீ வோஸ் இன் எ கேஜ்." பிறகு, பிறந்ததிலிருந்து தமிழில் பதில் சொல்லப் பஞ்சிப்படுகிற பிள்ளை, தமிழில் சொன்னாள்: "உங்களாலதான்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யசீகரன் காகிதங்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினான். எழுந்து நின்றான். சுவாமிப் படத்தட்டுக்குப் பக்கத்தில் இருந்த மாமனின் படத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "போட்டு வாறன்" என்று படத்தைப் பார்த்துத்தான் சொன்னான். மற்றவர்களும் செருப்பைத் தேடிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அரவிந்த் கடைசியாகப் போனான். வாசலில் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "அக்கா, அந்த ஜாக்கெட்... எனக்கும் அது பெருசாத்தான் இருந்துச்சு. அண்ணன் ஏன் குடுத்தார்னு அப்பவே கேட்டிருக்கணுமா நான்?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவனுக்கு ஏதோ பாதி தெரிந்திருக்கிறது. மீதியைத் தானாகக் கண்டுபிடிக்கும் வயதும் அறிவும் அவனுக்கு உண்டு.

"பெரிசெண்டா சின்னனாக்கித் தைச்சுப் போடுங்கோ தம்பி" என்றாள். "குளிர் தொடங்குது."

அவன் தலையாட்டிவிட்டுத் தெருவில் இறங்கினான். அவள் அவன் பின்னாலேயே கேற்றுவரை போனாள். யசீகரனின் கார் ஏற்றத்தில் திரும்பி மறைந்தது. வெயில் இறங்கும் நேரம். பள்ளிப் பேருந்து வெறுமையாகத் திரும்பிப் போனது. வீட்டுக்குள் போனால் மகளின் மூடிய கதவு; அதைத் தட்டுவதா வேண்டாமா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கொஞ்சம் நின்றாள்.

முன்வேலிச் செடியைச் சாவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான் கதிர்காமநாதன் வெட்டத் தொடங்கியிருந்தார், ஏணி வைத்து, நூல் பிடித்து. கேற்றிலிருந்து தபால் பெட்டிவரை மட்டமாக இருக்கிறது. அதற்கு அப்பால் வெட்டவில்லை; மிச்சம் அடுத்த ஞாயிறு என்று சொல்லியிருந்தார்.